நேரில் பார்த்தவர் கையொப்பம்

மார்ச் 2, கப்பலில்

அக்காவுக்கு,

போன வாரம் கேப்டன் அறை ஃபோனில் நாம் போட்ட சண்டையை, வரிசையில் நின்ற ஆறு பேரும் கேட்டார்கள். இங்கே ஆளுக்கு வாரம் மூன்று நிமிடம்தான். மூன்று நிமிடத்தில் சண்டை போட்டுவிடலாம், சமாதானம் ஆக முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். சாமான் படகு வாரத்துக்கு ஒருமுறை தபாலையும் எடுத்துப் போகும்.

வயிற்றை வெட்டிக்கொள்ளத் தேதி வாங்கிய பிறகு எனக்குச் சொல்கிறாய். "முக்கால் வயித்தை எடுத்துட்டு, மிச்சத்தைப் பின் அடிச்சு மூடிடுவாங்கடா, அவ்ளோதான்" என்று நீ சொன்னவிதம், பழைய பாவாடையைச் சின்னதாக்கித் தைப்பது போல இருந்தது. கடலுக்கடியில் போகும் குழாய்களை இருபது வருடமாக இணைக்கிறவன் நான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இணைப்பு என்று இருந்தால் அது என்றாவது கசியும். கசியாத குழாய் வெட்டாத குழாய் மட்டுமே.

அம்மாவும் "சின்ன ஆபரேஷன்தான், வெள்ளிக்கிழமை வந்துடுவேன்" என்றுதான் போனாள். திரும்பி வந்தது அவள் செருப்பு மட்டும், ஒரு பிளாஸ்டிக் பையில். நீ அப்போது கல்யாணமாகிப் போய்விட்டாய். அந்தப் பையை வாங்கியவன் நான்.

இத்துடன் எங்கள் கம்பெனியின் கசிவுச் சோதனைப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து, சொட்டுக்கூடக் கசியவில்லை என்று இதில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் குழாய் வேலைக்குப் போகும். சோதித்தவர் ஒருவர், நேரில் பார்த்தவர் ஒருவர். உன் டாக்டரிடம் நீட்டு. போடுகிறாரா பார்ப்போம்.

தம்பி


மார்ச் 9

டேய் தம்பி,

உன் படிவத்தை இழுப்பறையில், கரண்டு ரசீதுகளுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

வெட்டாத குழாய் கசியாது என்கிறாய். அடைத்துப் போகுமே, அதை ஏன் சொல்லவில்லை? என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரைக்கு நான்கு மாத்திரை, பிரஷருக்கு இரண்டு. மூக்கில் மெஷினை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். உன் மாமா நடுவில் எழுந்து எனக்கு மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்க்கிறார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், தூக்கமில்லாமல் எத்தனை நாள் ஓட்டுவார்?

நான் சமைக்கிற கேன்டீனில் ஸ்டோர் ரூமுக்குப் பதினாலு படி. போன மாதம் ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. "என்னக்கா தேடறீங்க?" என்று ஸ்டோர்க்காரர் கேட்டார். "சாவி விழுந்துடுச்சுப்பா" என்றேன். பாவம், அந்த மனுஷன் கால் மணி நேரம் தேடினார். சாவி என் இடுப்பில் இருந்தது.

"சமைக்கிற கைக்கு வாய் கிட்டக்கதானே" என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நீயும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாயோ என்றுதான் வலிக்கிறது.

செருப்புப் பையை நீ தனியாகச் சுமந்தது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா போன வயது எனக்கு இந்த வருடம் வருகிறது. அதைத் தாண்டுவதற்காகத்தான் நாளை மறுநாள் போகிறேன். நல்ல வார்த்தை சொல்ல மனமில்லை என்றால் சும்மா இரு.

அக்கா


மார்ச் 22

தம்பி,

சும்மா இரு என்றால் நிஜமாகவே சும்மா இருப்பாயா? படகு வந்து போயிருக்குமே.

உயிரோடுதான் இருக்கிறேன். வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை, அவ்வளவுதான் தழும்பு. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரை மாத்திரை நான்கும் ஒன்றாகிவிட்டது. இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டாய். எனக்குப் பசியே இல்லை. நாற்பது வருடமாகக் கூடவே வந்த நாய்க்குட்டி ஒன்று திடீரென்று காணாமல் போனது போல, திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு அட்டவணை போடும் அம்மாள் ஒரு குட்டிக் கோப்பை கொடுத்திருக்கிறாள். முப்பது மில்லி. அதைக் குடிக்கவே கால் மணி நேரம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இந்த யானைக்குப் பொரியே அதிகம்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். பத்தாம் நாள் கேன்டீனுக்குப் போனேன், சும்மா உட்கார்ந்துவிட்டு வரத்தான். "அக்கா, உப்பு பாருங்க" என்று கரண்டியை நீட்டினார்கள். கை தானாக வாங்கிக்கொண்டது. உப்பு பார்ப்பது சாப்பாட்டில் சேராது என்பது அந்த அடுப்படியில் நான் போட்ட சட்டம். ஒன்பது பாத்திரம், ஒன்பது கரண்டி. கிழங்கு, கறி எல்லாம் இருந்தது. தண்ணீரும் கஞ்சியும் தவிர ஒன்றும் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

நேற்றிலிருந்து இடது தோள் குடைகிறது. இருபது வருடம் பாத்திரம் தூக்கிய தோள் அல்லவா, தைலம் தேய்த்திருக்கிறேன். லேசாகக் காய்ச்சலும் இருக்கிறது. உன் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பஸ்ஸோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


மார்ச் 29, கப்பலில்

அக்காவுக்கு,

மாமா, அக்கா கண் திறந்ததும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தோள்வலி என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். கசிவு ஓரிடம், ஈரம் ஓரிடம் என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. நம் பழைய வீட்டில் சமையலறைச் சுவர் ஊறியபோது அப்பா மாடிக் குளியலறையை இடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வயிற்றை வெட்டியவளுக்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்?

கப்பலில் ஒரு மருத்துவ உதவியாளர் இருக்கிறார். அவரிடம் ஓடினேன். அவர் கடிதத்தைப் பாதிகூடப் படிக்கவில்லை. "உடனே ஃபோன் பண்ணுய்யா" என்றார். அவசரம் என்று சொல்லிக் கேப்டனிடம் ஃபோன் வாங்கினேன். மாமா எடுத்தார். "தோள்வலிக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி? தூங்கறா, எழுப்ப வேணாம்னு பாக்கறேன்" என்றார். "மாமா, நாடியைப் பாருங்க" என்றேன். எண்ணினார். பாதியிலேயே அவர் குரல் மாறிவிட்டது. நூற்று முப்பது.

"மாமா, பஸ்ஸை எடுங்க" என்றேன். நிஜமாகவே பஸ்ஸில்தான் கொண்டுபோனாராம். ஐம்பது இருக்கையில் நீ ஒருத்தி.

நேற்றுத் தகவல் வந்தது. பின் அடித்த வரிசையின் உச்சியில், உணவுக் குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஓட்டை. வயிற்றைக் கழுவி, சீழ் வெளியே போகக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டையை மூடவில்லையாம். ஏன் மூடவில்லை? கையில் கருவியோடு உள்ளே போனவர்கள் ஒரு தையல் போட்டுவிட்டு வரக் கூடாதா? எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

நான் சொன்னபடி நடந்துவிட்டது என்று ஒருக்காலும் சொல்ல மாட்டேன். நான் தோற்றிருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 11, ஆஸ்பத்திரி

தம்பி,

கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாள் எழுதிய கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் போகிறது. வயிற்றைத் தாண்டி, ஓட்டையைத் தாண்டி, குடலுக்குள் போய் நிற்கிறது. சாப்பாடு அதில்தான், சொட்டுச் சொட்டாக. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாயே தேவைப்படவில்லை. வயிற்றுப் பக்கவாட்டில் இன்னொரு குழாய், அழுக்கு வெளியே வர. உன் கப்பலில்கூட இத்தனை குழாய் இருக்காது.

நீ கேட்டதையே நானும் கேட்டேன். இங்கே ஒரு டாக்டர் இருக்கிறார், வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கிறவர். அவருக்கு நான் கேமரா டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். "ஏன் சார் தைக்கலை?" என்றேன். "இத்துப்போன துணியில தையல் நிக்குமாம்மா? சுத்தி எல்லாம் புண்ணு. தைச்சா கிழிஞ்சு ஓட்டை பெருசாகும். அழுக்குக்கு வழி விடணும், உடம்புக்குச் சோறு போடணும், காத்திருக்கணும். மூடறது எங்க வேலை இல்லை" என்றார்.

"அப்ப யாரு மூடுவா?"

"நீங்கதான்."

அப்புறம் படம் காட்டினார். தம்பி, நான் என் வயிற்றைப் பார்த்தேன். கேன்டீனில் சாப்பிடும் அறுநூறு பேர் வயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தவள், என் வயிற்றை அன்றுதான் பார்த்தேன். ஈரமாக, இளஞ்சிவப்பாக, விளக்கு வெளிச்சத்தில் அசைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நாள் என் பேராசையைச் சுமந்த மூட்டை என்று நினைத்து வெறுத்ததை, இத்தனை அழகான ஒன்று என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மேல் ஓரத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு கறுப்புப் பள்ளம். அதுதான் ஓட்டை. கை கூப்பி அழுதேன். பயத்தில் அழுததாக நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு பக்கமும் வால் போலச் சுருண்ட இரண்டு சின்ன பிளாஸ்டிக் குழாய்களை அந்த ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். வெளியே தேங்கிய சீழ் அதன் வழியே வயிற்றுக்குள்ளேயே வடிந்துவிடும். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். கீழே, வயிறு வளையும் இடம் நெருக்கமாகிவிட்டதாம். அதைப் பலூன் விட்டு விரித்தார்கள்.

எட்டு வாரம் பார்ப்பார்கள். மூடவில்லை என்றால் பெரிய ஆபரேஷன், குடலைத் தூக்கி அந்த ஓட்டையோடு இணைப்பது. அதைச் சொல்லும்போது கேமரா டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 18, கப்பலில்

அக்கா,

கீழே நெருக்கம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பத்து முறை படித்தேன். கீழே அடைப்பு இருந்தால் மேலே அழுத்தம் ஏறும். மேலே பலவீனமான இணைப்பு பிய்த்துக்கொள்ளும். முதலில் அடைப்பை எடு, பிறகு கசிவைப் பார் என்பதுதான் எங்கள் முறையும். ஈரமான குழாயில் வெல்டிங் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். உன் டாக்டர் எங்கள் ஆள், அக்கா.

ஆனால் அதற்கு மேல் எனக்கு எட்டவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழாய் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டதை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. நாங்கள் மீசை என்று கூப்பிடும் வெல்டரிடம் சொன்னேன். முப்பது வருட அனுபவம், யாரையும் மதிக்காத ஆள். முகமூடியைக் கழற்றினார். பிறகு, "உள்ள வெல்டிங் பண்றது யாருய்யா?" என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

தோள்வலி என்று எழுதிய உன் கடிதம் இருபத்து நான்காம் தேதியே வந்துவிட்டது. நான் பிரித்தது இருபத்தேழாம் தேதி. மூன்று நாள் தலையணைக்கு அடியில் கிடந்தது. ரோஷம். நல்ல வார்த்தை இல்லை என்றால் சும்மா இரு என்றாய் அல்லவா, உன் பேச்சைக் கேட்கிற மாதிரி நடித்தேன். நான் அந்தக் கடிதத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிய மூன்று நாளும் உனக்கு உள்ளே கசிந்துகொண்டிருந்தது. உயிரைக் காப்பாற்றிய தம்பி என்று மாமா எல்லோரிடமும் சொல்கிறாராம். எனக்குக் காது கூசுகிறது.

தம்பி


மே 3

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி எறிந்தேன். "இனிமே குனிய மாட்டேன்" என்றாள்.

கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாள்! ஒரு உறையைப் பிரிக்க முடியாத அளவுக்கு அப்படி என்னடா ரோஷம்?

அப்புறம் எண்ணிப் பார்த்தேன். அதே மூன்று நாளும் நான் என்ன செய்தேன்? பக்கத்தில் படுத்திருந்த மனுஷனிடம் காய்ச்சலை மறைத்தேன். ஒன்பது கரண்டியை டாக்டரிடம் மறைத்தேன். நீயாவது கடலுக்கு நடுவில் இருந்தாய்.

கேமரா டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஒன்பது கரண்டியா சார், மூணு நாளா? எதனால ஆச்சு?" என்றேன். "அந்த உச்சியில ரத்த ஓட்டமே கொஞ்சம்தாம்மா. நூறு பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்குக் காரணமே இல்லாம வரும். கரண்டி நல்லது பண்ணலை, தாமதமும் நல்லது பண்ணலை. ஆனா குத்தவாளியைக் கண்டுபிடிச்சா ஓட்டை மூடாது. புரதம் குடிச்சா மூடும்" என்றார். உனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்.

இப்போது வீட்டில் இருக்கிறேன், மூக்குக் குழாயோடு. உன் மாமா பஸ்ஸைக் கழுவுவது போல அந்தக் குழாயைத் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார். கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. விட்டமின் ஊசி போடுகிறார்கள். மாத்திரை ஆயுசுக்கும் உண்டாம்.

நேற்று இரண்டாம் முறை கேமரா விட்டார்கள். சுண்டுவிரல் நுழைந்த இடத்தில் இப்போது பென்சில்தான் நுழையும். ஓரத்தில் சிவப்பாகக் குட்டிக் குட்டி மணிகளாகப் புதுச் சதை. நான் எதுவும் செய்யவில்லை, தம்பி. தூங்கினேன், திட்டினேன், உன் கடிதத்தை எறிந்தேன். அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. மீசையிடம் சொல், உள்ளே இருக்கும் வெல்டர் லீவே எடுப்பதில்லை.

இன்னும் ஐந்து வாரம்.

அக்கா


மே 21, கப்பலில்

அக்கா,

இங்கே எங்கள் குழாய் வரிசையைச் சோதிக்கிறார்கள். தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, வால்வை மூடிவிட்டோம். இருபத்து நான்கு மணி நேரம் அழுத்தம் காட்டும் முள் அசையக் கூடாது. நாற்பது ஆண்கள் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு அது உன் வயிறாகத்தான் தெரிகிறது.

பயமாக இருக்கிறது அக்கா. அந்தப் பெரிய ஆபரேஷன் வேண்டாம். இன்னொரு செருப்புப் பையை வாங்க என் கையில் தெம்பு இல்லை. முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியாமல்தான் படிவத்தை அனுப்பினேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு.

ஜூன் மாதம் லீவு கேட்டிருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகவில்லை.

தம்பி


ஜூன் 8

டேய் தம்பி,

இன்று காலை மேசை மேல் ஏறி நின்றேன். எக்ஸ்ரே மேசை. நான்கு மாதத்துக்கு முன் ஏழாவது படியில் உட்கார்ந்தவள், இரண்டு படியை யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன். கையில் ஒரு கோப்பை வெள்ளை மருந்து. எங்கே போகிறது என்று திரையில் தெரியும். உன் மாமா கண்ணாடிக்கு வெளியே நின்று, பஸ் ஹாரனை அழுத்துவது போலத் தன் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தார்.

குடித்தேன். திரையில் கோடாக இறங்கியது. உச்சியில் அந்த இடம் வந்ததும் நான் மூச்சை நிறுத்திவிட்டேன். அது நிற்கவில்லை. பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகக் கீழே, வளைவைத் தாண்டி, குடலுக்குள் போய்விட்டது. ஆயிரம் பேரைப் பார்த்த கேமரா டாக்டர் திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இன்னொரு வாய் குடிங்கம்மா" என்றார், மெதுவாக. தேவைக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்.

மூடிவிட்டது, தம்பி. பெரிய ஆபரேஷன் இல்லை. பின்பு கேமரா விட்டு அந்த இரண்டு வால் குழாயையும் எடுத்துவிட்டார்கள். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம் மட்டும், கன்னக்குழி மாதிரி. மூக்குக் குழாயும் போயிற்று. இப்போது தொண்ணூற்று ஒன்று. அம்மாவைவிட எனக்கு இன்று பதினோரு நாள் வயது அதிகம்.

சாயங்காலம் ஒரு கரண்டி சூப். உப்பு கம்மி. யாரிடமும் சொல்லவில்லை, அப்படியே கண்ணை மூடி விழுங்கினேன். அது இறங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு கரண்டி சூப் தன் பாட்டுக்குக் கீழே இறங்குவது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று அறுநூறு பேருக்கும் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நீ கிழிக்கச் சொன்ன படிவத்தை நான் கிழிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டுதான் போனேன். கேமரா டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். "குழாயின் விட்டம்னு கேட்டிருக்கே, என்ன போடறது?" என்று சிரித்தார். அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு, 'கசிவு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். 'சோதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டத்தில் உன் மாமா போடப் போனார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

'நேரில் பார்த்தவர்' இன்னும் காலியாக இருக்கிறது. வா.

அக்கா